தொட்டி வண்டிக்குப் புத்தகம் கிடையாது

இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மருந்து கொடுக்கிற பழைய டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடப்போம். மற்ற வீட்டுக் கூடெல்லாம் பலகையும் தகரமுமாகச் சதுரமாக இருக்க, இது மட்டும் ஒரு முனை படகு மாதிரிக் கூம்பி, மேலே கம்பி வலை அடித்து, பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்தில் கிடக்கும். 2021இல், பழைய இரும்பு வாங்குகிற லொறிக்கு அதைப் போடப் போகிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். ஏதோ மனசு கேட்காமல் போய்க் குனிந்து அடியில் கையை விட்டுத் தடவினேன். தடித்த குழாய் ஒன்று, அதற்கு மேலே அடுக்கடுக்காக ஸ்பிரிங் பிளேட். கையில் பட்ட உடனே தெரிந்துவிட்டது, இது சைட்கார், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஆள் ஏறப் பூட்டுகிற தொட்டி.

மோட்டார் சைக்கிளுக்கு வண்டிப் புத்தகம் இருக்கும். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், முதலில் வாங்கியவர், அவரிடம் வாங்கியவர், எல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் பூட்டிய தொட்டிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நாலு போல்ட்டைக் கழற்றினால் வேறு வண்டிக்குப் போய்விடும், இல்லையென்றால் கொல்லைக்குப் போய்விடும். நம் மலைநாட்டில் பழைய பீஎஸ்ஏயோ நோர்ட்டனோ தேடினால் இன்னும் கிடைக்கிறது, அதோடு ஓடிய சைட்கார் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். அதன் கதை அதன் மரத்திலும் இரும்பிலும் இருக்கிறது, அப்புறம் அதில் ஏறிப் போனவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. ரெண்டும் உளுத்துக்கொண்டு வருகிறது. நாலு வருஷம் இந்த ஒரு தொட்டியோடு கிடந்ததில் தெரிந்துகொண்டதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1893இல் பிரான்சில் ஜான் பெர்தூ என்ற ராணுவ அதிகாரி, சாதாரண மிதி சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கையையும் மூன்றாவது சக்கரத்தையும் பூட்டிக் காட்டி, ஒரு பத்திரிகை வைத்த போட்டியில் பரிசு வாங்கினார். மோட்டார் சைக்கிளில் பூட்டுகிற சைட்காருக்குக் காப்புரிமை எடுத்தவர் இங்கிலாந்தில் என்ஃபீல்டைச் சேர்ந்த டபிள்யூ. ஜே. கிரஹாம், அது 1903. அதற்கு முந்தி பைக்கில் இன்னொருவரைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் பின்னால் ஒரு சின்ன வண்டியைக் கட்டி இழுப்பார்கள், அல்லது ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கை வைப்பார்கள். பின்னால் இருப்பவருக்கு ரோட்டுப் புழுதியும் எஞ்சின் புகையும் முழுசாக மூஞ்சியில். முன்னால் இருப்பவரோ, வண்டி எதில் மோதினாலும் முதலில் அடிபடுகிற ஆள். பக்கத்தில் வைத்தால் ரெண்டு பேரும் பேசிக்கொண்டே போகலாம். இவ்வளவு எளிமையான யோசனைக்கு அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

ஆரம்பத்துத் தொட்டிகள் பல பிரம்பில் பின்னியவை, நம் வீட்டுப் பிரம்பு நாற்காலிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். பிறகு மரச் சட்டத்தின் மேல் தகடு போர்த்தும் முறை வந்தது, அதாவது குதிரை வண்டி கட்டியவர்களின் வேலை அப்படியே இதற்குள் வந்துவிட்டது. 1912இல் டி. எஃப். வாட்சன் என்பவர் மடக்கக்கூடிய சைட்கார் ஒன்றைச் செய்தார், வீட்டுப் பக்கத்துச் சந்துக்குள் வண்டி நுழைய வேண்டுமே என்பதற்காக. அதிலிருந்து வளர்ந்ததுதான் பர்மிங்ஹாமின் வாட்சோனியன் கம்பெனி. 1922இல் பிளாக்பூலில் வில்லியம் வாம்ஸ்லியும் வில்லியம் லயன்ஸும் ஸ்வாலோ என்ற பெயரில் எட்டுப் பட்டை வைத்த அலுமினியத் தொட்டி செய்யத் தொடங்கினார்கள், அந்தக் கம்பெனிதான் பின்னாளில் ஜாகுவார் கார் கம்பெனி ஆனது. ஜெர்மனியில் நியூரம்பெர்கின் ஸ்டைப் கம்பெனிக்குத் தனிப் பேர். ரெண்டாம் உலகப் போரில் பீஎம்டபிள்யூ ஆர்75, சுண்டாப் கேஎஸ்750 ரெண்டிலும் சைட்கார் சக்கரத்துக்கும் எஞ்சின் ஓட்டம் போகிற மாதிரி செய்தார்கள், சேற்றில் சிக்காமல் இருக்க. ஆனால் சைட்காரை வாழவைத்தது போர் இல்லை, கார் வாங்க வசதியில்லாத குடும்பங்கள். ரெண்டு பிள்ளையும் பெண்டாட்டியும் உள்ளே, அப்பா பைக்கில். 1959இல் மினி கார் வந்து, கொஞ்சம் சேர்த்தால் நாலு சக்கரமே வாங்கலாம் என்றானதும், பிரித்தானியாவில் சைட்கார் யாவாரம் சில வருஷத்திலேயே படுத்துவிட்டது.

எங்கள் தோட்டத்துக்கு இந்தத் தொட்டியைக் கொண்டுவந்தது ஒரு சின்ன துரை, அதாவது தோட்டத்து உதவி மேலாளர். அவர் மாறிப் போகும்போது பைக்கோடு சேர்த்து டிஸ்பென்சர் ஐயாவுக்கு விற்றுவிட்டுப் போனார். அப்போது சிங்கள ஸ்ரீ எழுத்து போட்ட நம்பர் பிளேட் வரவில்லை, இங்கிலீஷ் எழுத்துதான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அத்தை சொன்னது. அத்தை இந்தக் கதைக்குள் வந்தது பிறப்பதற்கு முந்தியே. 1955இல் ஒரு ராத்திரி அப்பாயிக்கு வலி எடுத்திருக்கிறது, நல்ல மழை, கொழுந்து லொறி டவுனில் நின்றுவிட்டது. வழக்கமாக அப்படியென்றால் கம்பளியை மூங்கிலில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள், ஆஸ்பத்திரிக்கு அஞ்சு கட்டை, அதாவது அஞ்சு மைல் தூரம். அன்றைக்கு டிஸ்பென்சர் ஐயா தொட்டிக்குள் மெத்தையைப் போட்டு அப்பாயியைப் படுக்கவைத்து, மேலே கொழுந்துப் படங்கைப் போர்த்தி, பைக்கின் பின் சீட்டில் ஒருவர் லாம்பை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு இருக்க, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். விடியும்போது அத்தை பிறந்தார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அத்தைக்கு ரொம்ப நாள் பட்டப்பெயர் 'தொட்டிப் புள்ள'.

அந்தப் பைக் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. என்னிடம் இருந்தது 1951ஆம் வருஷத்து பீஎஸ்ஏ எம்21, நாவலப்பிட்டியில் வாங்கியது. 591 சீசீ, சைட் வால்வ், வேகம் வராது, ஆனால் மெதுவாக எவ்வளவு பாரத்தையும் இழுக்கும். இங்கிலாந்தில் ஏஏ என்கிற வாகனக்காரர் சங்கத்தின் ரோந்துக்காரர்கள் சாமான் பெட்டி வைத்த சைட்காரோடு ஓட்டியது இந்த வகையைத்தான். சரி, ஜோடி பொருந்தும்.

தொட்டியைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்ததும் நான் செய்ய இருந்த முதல் காரியம் தப்பு. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவப் போனேன். கம்பளையில் இருந்து வந்த டிங்கர் பாஸ், அதாவது தகட்டு வேலை மேஸ்திரி, எழுபது தாண்டியவர், கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, அழுக்குதான் இதைப் பிடிச்சிக்கிட்டிருக்கு. கழுவினா உதிர்ந்துபோகும்." அவர் சொன்னது உண்மை. உள்ளே மரச் சட்டம் ஆங்கிலேயர் ஆஷ் என்று சொல்கிற மரம், முக்கால்வாசி உளுத்து மாவாக நின்றது. வெளித் தகடு அதன் மேல் நிற்கவில்லை, மரந்தான் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஒன்றையும் கழற்றாமல் ரெண்டு வாரம் அளவு மட்டும் எடுத்தோம். ஒவ்வொரு வளைச் சட்டத்துக்கும் பிஸ்கட் பெட்டி அட்டையை வைத்து வெட்டி, பொருந்தும் வரை செதுக்கி, அட்டையிலேயே இடம், பக்கம், ஆணி இருந்த தூரம் எல்லாம் எழுதினோம். வலது பக்கம் நொறுங்கிப்போன இடத்துக்கு இடது பக்க அட்டையைப் புரட்டி வைத்தோம். கழற்றிய பழைய மரத்தை, மாவானது உட்பட, ஒன்று விடாமல் சாக்கில் போட்டு நம்பர் எழுதிக் கட்டினோம். இந்தச் சாக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆஷ் மரத்துக்கு இங்கே என்ன செய்வது? நிறையப் பேர் கைக்குக் கிடைக்கிற ஏதாவது பலகையை வைத்து முடித்துவிடுகிறார்கள். தேக்கு நல்ல மரந்தான், ஆனால் இந்த மாதிரி மெல்லிசாக அறுத்து வளைத்துத் தினமும் குலுங்குகிற வேலைக்கு அது இல்லை. பாஸ் யோசிக்காமல் சொன்னார், ஹல்மில்ல. இந்த நாட்டில் மாட்டு வண்டிக்கும் பீப்பாவுக்கும் படகுக்கும் அந்தக் காலத்தில் இருந்து போட்டது அதுதான், வளையும், முறியாது. இடிக்கிற வீடு ஒன்றில் பழைய ஹல்மில்ல துண்டுகள் கிடைத்தன, காய்ந்து எலும்பு மாதிரி இருந்தது. கொதிக்கிற தண்ணீர் ஆவியில் வைத்து வளைத்தோம். மூணு துண்டு வீணானது, நாலாவது அட்டையோடு ஒட்டி நின்றது.

மூக்குப் பகுதி அலுமினியம். அதைப் பாஸ் சரிபண்ணியதை நான் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். அலுமினியம் அடிபட்டு நசுங்கினால் இறுகிப்போகும், அப்படியே அடித்தால் வெடிக்கும், சூடு காட்டி இளக்க வேண்டும். ஆனால் இரும்பு மாதிரி அது சிவந்து காட்டாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 660 டிகிரியில் பொத்தென்று ஓட்டையாகிவிடும். பாஸ் துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியை எடுத்துத் தகட்டில் கோடு கோடாகத் தேய்த்தார். பின்பக்கமாகக் கேஸ் தீயை ஆட்டி ஆட்டிக் காட்டினார். சவுக்காரம் முதலில் நுரைத்தது, மஞ்சளானது, காப்பி நிறத்துக்கு வந்தது, கறுத்தது. கறுத்த அந்த நொடி தீயை எடுத்துவிட்டார். ஆறின பிறகு கட்டைவிரலால் அமுக்கினால் தகடு உள்ளே போகிறது. மணல் நிரப்பிய தோல் பையின் மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டத் தொடங்கினார், பலமாக ஒரு அடிகூட இல்லை, மழைத் தூறல் மாதிரி ஒரே சீராக. சாயங்காலத்துக்குள் நசுங்கிய மூக்கு கூம்பி வந்துவிட்டது. இந்தக் கை வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் யாரும் வரவில்லை என்று சொன்னார். நான் ஃபோனில் முழுக்க எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் வீடியோவில் சத்தம் இருக்கிறதே தவிர அந்த விரல் அமுக்கம் இல்லை.

கீழே சட்டம் இரும்புக் குழாய். பார்வைக்கு நன்றாக இருந்தது, ஆனால் பார்வையை நம்பி இதில் ஆளை ஏற்றக் கூடாது. இணைப்புக் கட்டைகளை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, துடைத்து, சோக்கட்டித் தூளைப் பூசினோம். கொஞ்ச நேரத்தில் பின்பக்க இணைப்பில், தலைமயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு தூளில் ஊறி வந்தது. வெடிப்பு. கரண்ட் வெல்டிங் அடித்து அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அது கூடவே கூடாது. இந்தக் கட்டைகள் வார்ப்பு, குழாயோடு பித்தளை ஊற்றி ஒட்டியவை, கரண்ட் வெல்டிங் சூட்டில் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். பழைய பித்தளையை உருக்கி எடுத்து, புதுக் குழாயைச் செருகி, மறுபடி பித்தளையே ஊற்றினோம். போல்ட் எல்லாம் அங்குலத்துக்கு 26 புரி, இன்றைய மில்லிமீட்டர் போல்ட் ரெண்டு சுற்று ஏறிப் பிறகு புரியைத் தின்றுவிடும். ஹட்டனில் லேத் வைத்திருக்கும் நண்பர் பழைய லொறி எக்சல் இரும்பில் எட்டுப் போல்ட் கடைந்து தந்தார். சக்கரத்துப் பேரிங் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மூணு தடவை அலைந்து கிடைத்தது. டயருக்குக் கவலையில்லை, 19 அங்குலம், புல்லட்டுக்கு வருவது பொருந்தும்.

ஒரு நஷ்டமும் நடந்தது. கதவுக் கைப்பிடியும் மூக்கு வளையமும் குரோம் போடக் கொழும்பில் ஒரு கடைக்குக் கொடுத்தேன், கைப்பிடியைத் தொலைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் மழையிலும் கோழி எச்சத்திலும் கிடந்து மிஞ்சியது, ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்குள் போய்விட்டது. அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு இருந்த வேதனையைச் சொல்ல முடியாது. யாராவது பழைய சாமானை வேலைக்கு அனுப்பினால் முதலில் அளவோடு படம் எடுங்கள், மெழுகில் அச்சு எடுங்கள். நான் எடுத்திருந்தேன், அதை வைத்துப் பித்தளையில் புதிதாக வார்த்தோம்.

பெயின்ட் ஏழு பூச்சு இருந்தது. மேலே பச்சை, அதற்கடியில் நீலம், சிவப்பு, மறுபடி நீலம், அப்புறம் ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிக்கிற மாதிரி ஒரு சாம்பல் வெள்ளை, ஒரு கபிலம், அடியோடு அடியாகக் கறுப்பு. மட்காட்டுக்கு உள்பக்கம் கைபடாத ஓர் இடத்தில் கறுப்பின் மேல் தங்க நிறத்தில் மெல்லிய கோடு, கையால் இழுத்தது, ஓரிடத்தில் தூரிகை நடுங்கியிருக்கிறது. அந்த உள்ளங்கை அளவு இடத்தை நாங்கள் தொடவே இல்லை. அதே இடத்துக்குப் பக்கத்தில்தான் பித்தளைத் தகடும் இருந்தது, சுரண்டியதும் வாட்சோனியன், பர்மிங்ஹாம் என்ற எழுத்துகள் தெரிந்தன. அன்றைக்கு அப்பாவுக்கு ஃபோன் எடுத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்போது சாக்கு. கதவுப் பக்கத்துச் சட்டத்தில் ரெண்டு ஓட்டை இருந்தது, ஒரு சாண் இடைவெளியில். கோழிக்கூட்டுக்குக் கம்பி கட்டப் போட்டது என்று முடிவுபண்ணி, புதுச் சட்டத்தில் அதை வைக்காமல் விட்டுவிட்டோம். மெத்தை வேலையும் முடிந்து, தும்பு நிரப்பி ரெக்சின் அடித்த பிறகு அத்தையைக் கூட்டி வந்து காட்டினேன். சுற்றிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுக் கதவோரம் எதையோ தேடினார்.

"வாரு எங்கடா?"

"என்ன வாரு அத்தை?"

"இங்கன ஒரு தோல் வாரு இருந்திச்சு. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் இருப்பேன். இந்தப் பக்கம் பள்ளம்ல, எட்டிப் பாத்தா ஆத்துத் தண்ணி தெரியும், பயமா இருக்கும்."

ஆறேழு வயதில், அடுத்த டிவிஷனுக்கு ஊசி போடப் போகும்போது டிஸ்பென்சர் ஐயா சில நாள் ஏற்றிப் போவாராம். நாம் ரோட்டில் இடப்பக்கம் போகிறவர்கள், அதனால் தொட்டியும் இடப்பக்கம், மலை ரோட்டில் பாதித் தூரம் பள்ளத்துக்கு மேலேதான் அந்தச் சக்கரம் ஓடும். அன்றைக்கு ராத்திரியே சாக்கை அவிழ்த்தோம். ஏழாம் நம்பர் துண்டு. ஓட்டைக்குள் பச்சை பிடித்த செம்பு ரிவெட், ரிவெட் தலைக்கு அடியில் நகக்கண் அளவு கறுப்பாக ஒரு துணுக்கு. எண்ணெய் விட்டுப் பிசைந்து பார்த்தால் தோல். பழைய மரத்தை எரித்திருந்தால் அத்தை சொன்னதை நான் குழந்தை ஞாபகம் என்று விட்டிருப்பேன். அத்தையைக் கேட்காமல் இருந்தால் மரத்தில் இருந்தது வெறும் ஓட்டை. ரெக்சினைக் கிழித்து, சட்டத்தில் துளை போட்டு, செருப்புத் தைப்பவரிடம் அதே அகலத்தில் வார் தைத்து வாங்கிப் பூட்டினோம்.

இதனால்தான், சைட்காரில் மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைத்து ஹோட்டல் வாசலில் நிறுத்துவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அழகாக இருக்கிறது என்று படம் எடுக்கிறார்கள். தினமும் தண்ணீர் ஊற்றி அதன் அடித்தகட்டை அழிக்கிறார்கள்.

பைக்கோடு பூட்டுவது தனி வேலை, தப்பாகப் பூட்டினால் வண்டி ஓட்டுகிறவரைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் விடும். ரெண்டு நேரான பலகையை நிலத்தில் வைத்து, ஒன்று பைக்கின் ரெண்டு சக்கரத்தையும் தொட, மற்றது சைட்கார் சக்கரத்தைத் தொட, முன்னாலும் பின்னாலும் இடைவெளி அளக்க வேண்டும். முன்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருக்க வேண்டும். எங்களுக்கு 20 மில்லிமீட்டரில் சரிவந்தது. பைக் நெட்டுக்குத்தாக நிற்கக் கூடாது, தொட்டியை விட்டுக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய வேண்டும், நம் ரோடு இடது ஓரத்துக்குச் சரிவதால் அந்தச் சாய்வு இல்லாவிட்டால் ஹேண்டில் முழு நேரமும் இடப்பக்கம் இழுக்கும். மேசன்மாரின் தூக்குக்குண்டைக் கட்டித்தான் சாய்வைப் பார்த்தோம். சைட்கார் சக்கரம் பைக்கின் பின் சக்கரத்துக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். எல்லா அளவும் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு எடுக்க வேண்டும், வெறும் வண்டியில் எடுத்த அளவு ஆள் ஏறியதும் மாறிவிடும். எஞ்சின் பக்கத்துச் செயின் பல்சக்கரத்தையும் பல் குறைந்ததாக மாற்றினோம், இல்லாவிட்டால் எங்கள் ஏற்றத்தில் கிளச் எரிந்துபோகும்.

ஓட்டுவதும் புதிதாகப் படிக்க வேண்டியதுதான். பைக் மாதிரிச் சாய முடியாது, ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். எக்சலேட்டர் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போகும். இடப்பக்க வளைவில் வேகமாகப் போனால் தொட்டி காற்றில் தூக்கும். அதனால் முதல் ரெண்டு மாதம் உள்ளே மணல் மூட்டை வைத்துத்தான் ஓட்டினேன், காலையில் ஆள் நடமாட்டம் வருவதற்கு முன்னால், தேயிலை ஸ்டோர் ரோட்டில் மட்டும்.

போன மாதம் மூட்டையை இறக்கிவிட்டு அத்தையை ஏற்றினேன். ஸ்வெட்டர் போட்டு, தலையில் மப்ளர் கட்டி, வாரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிக்கோயா வரை போகவில்லை, பழைய டிஸ்பென்சரியில் இருந்து பாலத்தடி வரைதான். பள்ளத்துப் பக்க வளைவுக்கு முன்னால் என் முழங்காலில் தட்டினார். "இந்த எடத்துல ஐயா ஹோர்ன் அடிப்பாரு." எதிரே ஒன்றும் வரவில்லை, இருந்தாலும் அடித்தேன்.

இனி முன்கண்ணாடி மிச்சம். அதன் சட்டம் மடங்குமா, நிலையாக நின்றதா என்று அத்தைக்கு ஞாபகமில்லை, தொட்டியிலும் அடையாளம் இல்லை, அந்த இடத்துத் தகடு எப்போதோ மாற்றியது. டிஸ்பென்சரியில் அந்தக் காலத்தில் மருந்து கலந்து கொடுத்த பாட்டி ஒருவர் நோர்வூட்டில் மகளோடு இருக்கிறாராம், காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போகிறேன்.